எண்ணெய் பிரியாத கைமா

அயலார் உணவென்று ஒன்றை ஒதுக்குமுன் அதன் பூர்விகத்தைச் சற்றே விசாரித்துப் பார்ப்பது நல்லது. பாஸ்தா என்றும் மக்ரோனி என்றும் பெயர் சொல்லி நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று விரும்பிக் கேட்கும் கோதுமைப் பண்டத்தை, ‘வெள்ளைக்காரன் தீனி’ என்று முகம் சுளித்து ஒதுக்குகின்ற பெரியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்கு நாம் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். கி.பி. 1154ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், இரண்டாம் ரோஜர் என்னும் கிறித்தவ மன்னனின் அவையில் அமர்ந்து ஒரு முஸ்லிம் அறிஞர் உலகப் புவியியல் நூலொன்றை எழுதி முடித்தார். அவர்தாம் அல் இத்ரீஸீ. பலெர்மோவுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திராபியா என்னும் ஊரைப் பற்றி எழுதுகையில், அங்கே ‘இத்ரிய்யா’ என்னும் நூல் போன்ற உலர்ந்த மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறித்தவ நாடுகளுக்கும் கப்பல்களில் ஏற்றி அனுப்பப்படுவதாக அவர் குறித்திருக்கிறார். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து இத்தாலிக்குப் பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும் கதை இதன் முன் நிற்காது. போலோ வெனிசுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே, 1279இல், ஜெனோவா நகரத்து ஆவண எழுத்தர் ஒருவர் எழுதிய சொத்துப் பட்டியலில் ஒரு கூடை மக்ரோனி இடம்பெற்றுவிட்டது.

அரபுகள்தாம் பாஸ்தாவைக் கண்டுபிடித்தார்கள் என்று மார்தட்ட நாம் வரவில்லை. மாவைத் தகடாகத் தட்டி உண்ணும் வழக்கம் ரோமானியர் காலத்திலேயே இருந்தது. ஆயினும், மாவை நூலாக இழைத்து, வெயிலில் உலர்த்தி, நெடுநாள் கெடாத சரக்காக்கிக் கடல் கடத்தும் தொழிலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்று, முஸ்லிம்கள் 831 முதல் 1072 வரை ஆண்ட பலெர்மோவின் சுற்றுப்புறத்திலிருந்தே வருகிறது. அதை எழுதி வைத்ததும் ஒரு முஸ்லிமின் எழுதுகோல்தான். வியப்பு என்னவென்றால், அதே பலெர்மோவில் இன்று ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். இத்ரீஸீ நடந்த வீதிகளில் இப்போது தமிழ் கேட்கிறது.

இவ்வளவு தொலைவு போவானேன்? வடசென்னைக்காரருக்கு இழைப் பண்டமும் இறைச்சியும் சேர்ந்த உணவு புதியதன்று. 1962இல் பர்மாவில் படையாட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்ட பின், 1964 முதல் கப்பல் கப்பலாகத் தாயகம் திரும்பிய நம்மவர்களில் பலர் வியாசர்பாடிப் பக்கம் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு கொண்டுவந்ததுதான் அத்தோ. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில், மாலை நேரத்தில் தள்ளுவண்டியருகே நின்று, புளிநீரும் பொரித்த வெங்காயமும் முட்டைக்கோசும் கலந்து கையாலேயே பிசைந்து தரும் அந்தச் செந்நிற இழைகளை உண்டு பாராத வடசென்னைவாசி அரிது. கொடுங்கையூரிலிருந்து வியாசர்பாடி கூப்பிடு தூரம். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடலாம். ஆகவே எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இழை உணவு என்றால் அத்தோ. பெருநாள் என்றால் சேமியா. விருந்தாளி என்றால் இடியப்பம். இந்த மூன்றோடு நான்காவதாகப் பாஸ்தா வந்து உட்கார்ந்ததில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

அதிசயப்படாவிட்டாலும் கவலைப்பட இருந்தது. மூலக்கடைப் பக்கம் புதிது புதிதாய்த் திறக்கும் சிற்றுண்டிக் கடைகளில் பிள்ளைகள் வாங்கி உண்பதில் எது என்ன என்று நமக்குத் தெரிவதில்லை. ‘பொலோனீஸ்’ என்று அட்டையில் எழுதி விற்கும் இறைச்சிச் சாறு, இத்தாலியின் பொலோனா நகரத்தது. அதன் அதிகாரபூர்வமான செய்முறையை இத்தாலியச் சமையற்கலைக் கழகம் 1982 அக்டோபர் 17ஆம் நாள் அந்நகரத்து வணிகச் சபையில் முறையாகப் பதிவு செய்து வைத்தது. 2023இல் அதைத் திருத்தியும் பதிந்தது. ஒரு குழம்புக்குப் பத்திரப்பதிவா என்று சிரிக்கலாம். நம் ஊர்ப் பிரியாணிக்கு யாராவது இப்படிப் பதிவு செய்யப் புறப்பட்டால் ஆம்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் சண்டை மூண்டுவிடும். அந்தப் பதிவின்படி அச்சாற்றில் மாட்டிறைச்சி, வெங்காயம், கேரட், செலரித்தண்டு, தக்காளி, பால் ஆகியவற்றோடு இன்னும் இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றியின் வயிற்றுக் கொழுப்பு. மற்றொன்று, திராட்சை மது.

முதலாவதைப் பற்றி விவாதமே இல்லை. இரண்டாவதைப் பற்றித்தான் படித்த இளைஞர்கள் சிலர், ‘கொதிக்கும்போது அது ஆவியாகிப் போய்விடுகிறதே’ என்று வாதிடக் கேட்டிருக்கிறோம். மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அவர்கள் சொல்லும் விஞ்ஞானமே சரியில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைகளின்படி, மது கலந்த குழம்பு அரை மணி நேரம் கொதித்த பின்பும் சேர்த்த சாராயத்தில் ஏறத்தாழ 35 விழுக்காடு அதிலேயே தங்குகிறது. இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 விழுக்காடு எஞ்சும். ஆவியாகிவிட்டது என்பது மனத்தைத் தேற்றிக்கொள்ளும் பேச்சேயன்றி வேறில்லை.

மது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால், இறைச்சியின் கனத்தை வெட்டும் சிறு புளிப்பைத் தருகிறது. அந்தப் புளிப்புக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் போதும். காடியைச் சிறந்த குழம்பென்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மதுவில் வேறு பொருளைச் சேர்த்துக் காடியாக்கினால் அது ஆகுமா என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு; கடற்கரையூர்களின் நம்மவர் பெரும்பாலும் ஷாஃபிகள், ராவுத்தர் சமூகத்தார் ஹனஃபிகள் என்பதால் ஒரே தெருவில் இரு தீர்ப்பும் வாழும். மளிகைக் கடையில் ‘செயற்கை வினிகர்’ என்று எழுதி விற்பது மதுவிலிருந்து வந்ததன்று. அசிட்டிக் அமிலத்தை நீரில் கரைத்தது. அதை வாங்கினால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. அதுவும் வேண்டாமென்பார் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளட்டும். மேலே துருவிப் போடும் பாலாடைக்கட்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தாலியின் பெயர்பெற்ற பார்மிஜானோ கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டே தயாரிக்க வேண்டுமென்பது அவர்கள் விதி. அக்கன்று எப்படி அறுக்கப்பட்டதென்று நமக்குத் தெரியாது. நம் நாட்டுக் கட்டிகளின் உறையில் பச்சைப் புள்ளி இருந்தால் அதில் விலங்கின் உறை சேரவில்லை என்று பொருள்.

பன்றியும் மதுவும் இல்லாமல் இந்தச் சாறு நிற்குமா என்று ஐயுறுவோர் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையைப் பார்க்க வேண்டும். சோமாலியாவின் தென்பகுதி பல்லாண்டுகள் இத்தாலியரின் ஆதிக்கத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அவர்கள் தோற்று வெளியேறிய பின்னும், 1950 முதல் 1960 வரை ஐக்கிய நாடுகளின் சார்பில் இத்தாலியே அதை நிர்வகித்தது. அதிகாரம் போயிற்று, பாஸ்தா தங்கிவிட்டது. அதை ‘பாஸ்தோ’ என்றும், மேலே ஊற்றும் இறைச்சிச் சாற்றைச் ‘சூகோ’ என்றும் அவர்கள் அழைக்கிறார்கள். ஏறத்தாழ முழுதும் முஸ்லிம்களான அம்மக்கள் அதில் மதுவும் சேர்ப்பதில்லை, பன்றியும் சேர்ப்பதில்லை. சீரகம், கொத்தமல்லி விதை, மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, மஞ்சள் ஆகியவற்றை வறுத்துப் பொடித்த ‘ஹவாஷ்’ என்னும் மசாலாவைத் தூவுகிறார்கள். நம் அம்மிக்கும் அவர்கள் உரலுக்கும் இடையே இந்துமாக் கடல் ஒன்றுதான். நோன்பு திறந்த பின் சோமாலியக் குடும்பங்கள் ஒரே தட்டில் பாஸ்தோவைக் குவித்து, பக்கத்தில் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு உண்ணும் வழக்கத்தை அறிந்தபோது, கீழக்கரையும் காயல்பட்டினமும் நம் நினைவுக்கு வந்தன.

ஒரே தட்டு என்றோம். இதை எழுத நேர்ந்ததற்கு அதுதான் காரணம். சஹனில் அமர்ந்து உண்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறை வழக்கம். நால்வரோ ஐவரோ ஒரு பெரிய தட்டைச் சுற்றி அமர்வது. பெரியவர் பிஸ்மி சொல்லிக் கை வைத்த பின்னரே மற்றவர் கை நீளுவது. நல்ல துண்டைச் சிறுவர் பக்கம் தள்ளிவிடுவது. கொடுங்கையூரின் இந்தச் சிறிய மாடி வீட்டிலும் அது நின்றதில்லை. எங்கள் உம்மாவுக்கு இதய நோய் வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோதுதான் நின்றது. மருத்துவர் எண்ணெயையும் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொல்லியிருந்தார். உலகச் சுகாதார நிறுவனம் நல்ல உடம்புள்ளவருக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்புதான் விதிக்கிறது என்னும்போது நோயாளியின் கதையைச் சொல்ல வேண்டுமா? அன்றிலிருந்து உம்மாவுக்குத் தனிக் கிண்ணம், தனிக் கஞ்சி, தனி நேரம். நாங்கள் சஹனைச் சுற்றி அமர்ந்திருக்கையில் அவர்கள் சன்னலோரம் நாற்காலியில் அமர்ந்து கிண்ணத்தைக் காலி செய்வார்கள். ஒரு சொல் குறை கூறியதில்லை. பேத்தி மட்டும் ஒரு நாள், “உம்மம்மா ஏன் நம்மோட உட்கார்றதில்லை?” என்று கேட்டாள். “எனக்கு ஆகாததை நீங்க சாப்பிடுறீங்க, உங்களுக்கு ருசிக்காததை நான் சாப்பிடுறேன்மா, அதுதான்” என்று சொல்லி, தஸ்பீஹைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆக, எல்லோருக்கும் ஆகக்கூடிய, எல்லோருக்கும் ருசிக்கக்கூடிய ஒரு சஹன் வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. வேலைக்குப் போய் வருகிற பெண்கள் வீட்டுக்குள் நுழைவது மஃரிப் வேளையில். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் சென்னையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் சமைத்து, உண்டு, பாத்திரமும் கழுவியாக வேண்டும். பொலோனாக்காரர் பதிந்து வைத்த சாறோ அடுப்பில் இரண்டு மணி நேரம் சிணுங்க வேண்டியது. எரிவாயு உருளை விற்கும் விலையில் அது நமக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு மணி நேரம் எதற்கு என்று கேட்டால், இறைச்சியின் வகைக்காக. அவர்கள் எடுப்பது மாட்டின் வயிற்றுப் பக்கத்து நார் மிகுந்த கறி. அந்த நார் மெள்ள மெள்ள வெந்து பசையாகக் கரைந்தால்தான் சாறு கூடிவரும். நாமோ ஆட்டின் தொடைக்கறியை எடுத்துக்கொள்கிறோம். அதில் நார் குறைவு. கொழுப்பும் வெளிப்புறத்திலேயே படிந்திருப்பதால் கத்தியால் சீவி எடுத்துவிடலாம். கைமாவாகக் கொத்திய பின் அது வேகச் சில நிமிடங்கள் போதும். இன்னொரு சான்றும் நமக்குத் துணையிருக்கிறது. பெல்லெக்ரீனோ ஆர்த்தூஸி என்பார் 1891இல் வெளியிட்ட புகழ்பெற்ற இத்தாலியச் சமையல் நூலில் பொலோனா முறை மக்ரோனிக்குத் தந்த குறிப்பில் தக்காளியே கிடையாது. இறைச்சியும் 150 கிராம்தான். ஆகவே, இப்படித்தான் செய்தாக வேண்டும் என்று யாரும் நம்மை மிரட்ட முடியாது.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியின் அண்மையில் வாழ்வதில் ஒரு வசதி உண்டு. நல்ல கறிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஐந்து பேருக்குக் கால் கிலோ தொடைக்கறி போதும். இது குறைவென்று தோன்றும், தோன்றட்டும். கடைக்காரரிடமே கைமா போட்டு வாங்கினால், வீட்டுக்கு வந்து அதைக் கழுவாமல் நம் பெண்களால் இருக்க முடிவதில்லை. கொத்திய கறியைக் கழுவினால் சாரமெல்லாம் நீரோடு போய்விடும். எஞ்சியது நீரைக் குடித்துப் பஞ்சாகிவிடும். எனவே முழுத்துண்டாக வாங்கி, கழுவி, துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, கொழுப்பைச் சீவிவிட்டு, அரிவாள்மனையிலோ கத்தியிலோ பொடியாகக் கொத்திக்கொள்வது மேல். மிக்சியில் போடுவதானால் இரண்டு சுற்றுக்கு மேல் கூடாது, கூழாகிவிடும்.

அகன்ற வாணலியை நன்றாகக் காயவிட்டு, ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் மட்டும் ஊற்றி, கைமாவைப் பரப்ப வேண்டும். ஒலிவ எண்ணெய் கிடைத்தால் நல்லதுதான். திருமறையில் பேசப்பட்ட பெருமை அதற்குண்டு. ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டுக் கடலை எண்ணெய்க்குத் திரும்பியவர்களில் நாமும் ஒருவர். நல்லெண்ணெய் மட்டும் ஆகாது. அதன் வாசம் மற்றெல்லாவற்றையும் அடக்கிவிடும். பரப்பிய கறியைக் கிளறாமல் விட்டுவிடுவதுதான் இதில் கடினமான காரியம். கரண்டியைக் கையில் பிடித்தால் கிளறத் தோன்றும். கிளறினால் கறி நீர் விட்டு, அந்நீரிலேயே வெந்து வெளிறிப்போகும். மூன்று நான்கு நிமிடம் அப்படியே விட்டால், நீர் வற்றி, அடிப்புறம் பழுப்பேறி, வறுவல் மணம் எழும். இந்தப் பழுப்பில்தான் சுவையெல்லாம் இருக்கிறது; மசாலாவும் கொழுப்பும் குறைந்த இடத்தை இதுதான் நிரப்புகிறது. ஒரு முறை புரட்டி, மறுபக்கமும் சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்து, வாணலியில் மிதக்கும் கொழுப்பைச் சாய்த்து வடித்துவிட வேண்டும். (பெருங்குப்பைமேட்டுக் காற்று எங்கள் தெருப்பக்கம் வீசாத மாலையாயின் இந்த நேரத்தில் சன்னலைத் திறந்து வைப்போம். வீசும் மாலையாயின் சன்னலை அடைத்துக்கொண்டு புகையில் இருமுவோம். கொடுங்கையூர்ச் சமையலில் இதுவும் ஒரு கணக்கு.)

அதே வாணலியில் இன்னுமொரு தேக்கரண்டி எண்ணெய். பொடியாக அரிந்த வெங்காயம் இரண்டு, கேரட் ஒன்று. இத்தாலியர் சேர்க்கும் செலரித்தண்டு எங்கள் பக்கத்துக் காய்கறிக் கடைகளில் கிடைப்பதில்லை. கொத்தமல்லித் தழையின் தண்டைப் பொடியாக நறுக்கிச் சேர்த்தோம், குறையொன்றுமில்லை. தீயைக் குறைத்து, சிட்டிகை உப்புப் போட்டு, மூடி வைத்தால் வெங்காயம் தன் நீரிலேயே குழையும். எண்ணெயில் பொரிய வேண்டியதில்லை. ஏழெட்டு நிமிடத்தில் பூண்டு நான்கு பல். அடுத்துத் தக்காளி. அரைக்கிலோ பழுத்த நாட்டுத் தக்காளியைக் குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தைத் துருவியில் தேய்த்தால் சதை விழுந்து, தோல் கையில் நின்றுவிடும். அந்தச் சதையோடு வினிகர் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. இத்தாலியர் இதில் ஓர் இலை போடுவார்கள். அது நம் பிரிஞ்சி இலை அன்று, வேறு மரத்தது. பிரிஞ்சி இலை போட்டால் வீடு முழுக்கப் பிரியாணி மணக்கும், பிள்ளைகள் ஏமாறுவார்கள்.

தக்காளி பத்து நிமிடம் கொதித்த பின் கறியை மீண்டும் சேர்த்து, அரை டம்ளர் கொழுப்பெடுத்த பாலை ஊற்ற வேண்டும். தக்காளியில் பால் திரியாதா என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். சாறு கெட்டியான பின், தீயைத் தணித்து, சிறுகச் சிறுக ஊற்றினால் திரிந்தது தெரியாமல் கலந்துவிடும். புளிப்பின் முனையும் மழுங்கும். இன்னும் பத்து நிமிடம் கொதித்தால் சாறு ஆயிற்று. அடுப்பு ஏற்றியதிலிருந்து 40 நிமிடம்.

இங்கேதான் நம் கை பழகிய ஒரு பாடத்தை மறந்தாக வேண்டும். குழம்பு வெந்துவிட்டதா என்பதற்கு நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த அடையாளம் என்ன? எண்ணெய் பிரிந்து மேலே தெளிந்து நிற்க வேண்டும். தேங்காய் அரைத்த கறியாயினும், ஆணமாயினும், தாளிச்சாவாயினும் விளிம்பில் எண்ணெய் கசிந்தால்தான் மனம் ஒப்பும். அதற்கென்றே எண்ணெயைக் கூட ஊற்றுகிறோம். இந்தச் சாற்றிலோ எண்ணெய் பிரிந்தால் அது பழுது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலந்து, இழையைப் பற்றிக்கொள்ளும் வழவழப்பாக நிற்க வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கை எது? பாஸ்தா வெந்த நீர்.

நம்மவர் அதைக் கழுநீரென்று கொட்டிவிடுகிறார்கள். பாஸ்தா வேகும்போது அதிலிருந்து மாப்பொருள் நீரில் இறங்குகிறது. மங்கலாய்க் கலங்கிய அந்த நீரில் ஒரு கரண்டியைச் சாற்றில் ஊற்றிக் கொதிக்கவிட்டால், அந்த மாப்பொருள் எண்ணெயைத் துளித்துளியாய் நீரில் தாங்கிப் பிடிக்கிறது. நான்கு கரண்டி எண்ணெய் ஊற்றி வரவழைக்கும் வழவழப்பு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயிலேயே வந்துவிடுகிறது. மருத்துவர் சொன்ன அளவுக்குள் நின்றுகொண்டே நாக்குக்குக் குறைவைக்காத இரகசியம் இந்தக் கலங்கல் நீரில்தான் இருந்தது. சோறு வடித்த கஞ்சியை வீணாக்காத குடும்பங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது.

அந்த நீரின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீர் என்பது இத்தாலியர் கணக்கு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றவர்களிடம் போய் 250 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டரை லிட்டரைக் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அதில் பாதி போதும். முதல் இரண்டு நிமிடம் ஒட்டிக்கொள்ளாமல் கிளறிவிட்டால் சரியாக வேகும். நீர் குறைந்தால் அதில் மாப்பொருள் செறிவதால் நம் காரியத்துக்கு அது இன்னும் நல்லது. உப்பை லிட்டருக்கு 5 கிராமாகக் குறைத்துக்கொண்டோம். அதுவும் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடும்.

பாஸ்தாவை வாங்கும்போது கடினக் கோதுமை ரவையில் செய்தது எதுவென்று பார்த்து வாங்குவது நலம். மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியில் அக்கோதுமை விளைகிறது. புரதம் மிகுந்த அந்த மாவில் செய்தது வெந்தும் குழையாமல் நிற்கும். மைதாவில் செய்தது சற்று ஏமாந்தாலும் களியாகிவிடும். உறையில் அச்சிட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து, ஒரு டம்ளர் நீரைத் தனியே எடுத்து வைத்து, பாஸ்தாவைச் சாற்று வாணலியிலேயே கொட்டி, எடுத்த நீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் புரட்ட வேண்டும். மிச்ச வேக்காடு அங்கே நிகழும். சோற்றின் மேல் குழம்பு ஊற்றுவது போலப் பாஸ்தாவின் மேல் சாற்றை ஊற்றி மேசைக்குக் கொண்டுவரும் வழக்கம் நம்முடையது. இதில் அது கூடாது. பிரியாணியில் கறியும் அரிசியும் தம்மில் ஒன்றாவது போல, இவையிரண்டும் அடுப்பின் மேலேயே ஒன்றாக வேண்டும்.

மசாலாவை விட்டுவிடுவதா என்று சச்சி ஒருத்தி வருத்தத்தோடு கேட்டார். பச்சை மிளகாயும் தேங்காயும் கரம் மசாலாவும் சேர்த்தால் அருமையான கைமாக் குழம்பு ஆகும், அதற்கு இடியப்பம் இருக்கிறது என்றோம். சோமாலியர் போலச் சிறிது சீரகமும் ஏலமும் தூவிப் பார்த்த நாளும் உண்டு. அது நன்றாகவே இருந்தது. ஆயினும் முதன்முறை செய்பவர் மிளகோடு நிறுத்திக்கொண்டு, தக்காளியும் பழுப்பேறிய கறியும் தாமே என்ன பேசுகின்றன என்று கேட்பது நல்லதென்பது நம் கருத்து.

அன்றிரவு இஷாவுக்கு இன்னும் கால் மணி இருந்தது. தஸ்தர்கானை விரித்துச் சஹனை நடுவில் வைத்தோம். உம்மா வழக்கம்போலச் சன்னலோரம் பார்த்தார்கள். “உம்மா, இங்கே வாங்க. இது உங்களுக்கும் ஆகும்” என்றோம். நம்பாமல் தட்டை எட்டிப் பார்த்தார்கள். விளிம்பில் எண்ணெய் தேடினார்கள் போலும். “எண்ணெயே பிரியலையே, வெந்துச்சா இது?” என்றார்கள். பேத்தி நகர்ந்து இடம் விட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் கீழே அமர்ந்து, பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். அதன் பின் எங்கள் கைகள் நீண்டன. இரண்டு கவளம் உண்டதும் தம் பக்கத்துக் கறியைப் பேத்தியின் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

“இடியப்பத்தை அவிக்காம வேகவச்ச மாதிரி இருக்கு” என்பதுதான் பாஸ்தாவைப் பற்றி அவர்கள் சொன்ன தீர்ப்பு. சாற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து இடியப்ப உரல் பிழியும் ஓசை கேட்டது. மீந்திருந்த சாற்றைச் சூடு செய்து, தேங்காய்ப்பால் கலக்காமல், இரண்டு இடியப்பத்தின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.